தேன்குழலும் அயோடின் எண்ணும்

அந்தத் தூக்கைத் திறந்தபோது வந்த வாடை எனக்கு இன்னும் மறக்கவில்லை. வைகாசி மாதம். அண்ணன் மகள் கல்யாணம் முடிந்து இருபத்திரண்டாம் நாள். பள்ளத்தூர் வீட்டின் உக்கிராண அறையில், சம்பந்தபுரத்துக்கு, அதாவது சம்பந்தி வீட்டுக்கு, கொடுத்தது போக மிச்சமிருந்த தேன்குழலைப் பெரிய எவர்சில்வர் தூக்கில் போட்டு வைத்திருந்தோம். மூடியைத் தூக்கியதும் சீரக மணம் வரவேண்டிய இடத்தில், பழைய பெயிண்ட் டப்பாவைத் திறந்ததுபோல ஒரு நெடி. சிக்கு வாடை.

அண்ணமிண்டி (அண்ணன் மனைவி) ஒரு தேன்குழலை உடைத்து வாயில் போட்டுப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் மூடியை வைத்துவிட்டார்கள். இதே பலகாரம்தான் சம்பந்தபுரத்தார் வீட்டிலும் இருந்தது. அவர்களும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் மன்னிப்பாவது கேட்டிருக்கலாம்.

எங்கள் வீட்டில் சீர்ப் பலகாரம் என்றால் செக்கில் ஆட்டிய கடலை எண்ணெய்தான். அந்த முறை மாற்றச் சொன்னது நான். "இதயத்துக்கு நல்லது, நிறமும் வெளுப்பாக இருக்கும்" என்று சொல்லி, ரீஃபைண்டு சூரியகாந்தி எண்ணெய் 15 கிலோ டின் இரண்டு வாங்கவைத்தேன். முப்பத்தோரு வருஷம் மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் பாடம் நடத்தியவள் சொன்னால் வீட்டில் யார் மறுப்பார்கள்? கொழுப்பு அமிலங்கள் பற்றிய பாடத்தை ஒவ்வொரு வருஷமும் கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். பரீட்சைக்கு எழுதிப் போட்ட அந்த வரிகளை நம் சமையலறைத் தூக்கோடு சேர்த்துப் பார்க்க அதுவரை எனக்குத் தோன்றவில்லை. அதற்கப்புறம் மூன்று வருஷமாக எண்ணெய்களைப் பற்றி வேறு மாதிரி யோசித்துக்கொண்டிருக்கிறேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எந்த விதை எண்ணெயை எடுத்தாலும் உள்ளே இருக்கும் கட்டுமானம் ஒன்றுதான். எங்கள் ஆயா (பாட்டி) இடுப்பில் செருகியிருந்த சாவிக்கொத்தை நினைத்துக்கொள்ளுங்கள். வளையம் ஒன்று, அதில் தொங்கும் நீளச் சாவிகள் மூன்று. வளையம் கிளிசரால். சாவிகள் கொழுப்பு அமிலங்கள். எள்ளானாலும் ஆமணக்கானாலும் தேங்காயானாலும் வளையம் அதேதான். எண்ணெய்க்கு எண்ணெய் மாறுவது சாவிகள் மட்டும்: எத்தனை கார்பன் நீளம், அதில் எத்தனை இடத்தில் வளைவு. அந்த வளைவைத்தான் பாடப் புத்தகம் இரட்டைப் பிணைப்பு என்கிறது.

ஸ்டியரிக் அமிலத்தில் 18 கார்பன், வளைவே கிடையாது. நேராக இருப்பதால் பலகை அடுக்கியதுபோல ஒன்றன்மேல் ஒன்று நெருங்கிப் படுத்துக்கொள்ளும். பிரித்து உருக்க 69 டிகிரி வேண்டும். அதே 18 கார்பனில் ஒரே ஒரு வளைவு வந்தால் அது ஒலியிக் அமிலம். 13 டிகிரியிலேயே உருகிவிடும். இரண்டு வளைவு வந்தால் லினோலியிக். பனிக்கட்டிக்கும் கீழே, மைனஸ் 5 டிகிரிவரை திரவமாகவே இருக்கும். மூன்று வந்தால் லினோலெனிக், மைனஸ் 11. சாவி கோணலாகக் கோணலாக அடுக்க முடியாமல் போகிறது, அவ்வளவுதான். மார்கழிக் காலையில் நம் ஊரில் தேங்காய் எண்ணெய் உறைந்து நிற்க, பக்கத்திலேயே நல்லெண்ணெய் சலசலவென்று ஊற்றும்படி இருப்பதற்கு இதுதான் காரணம். தேங்காய் எண்ணெயில் நூற்றுக்குத் தொண்ணூறு வளைவில்லாத அமிலங்கள். பாதிக்குப் பக்கம் 12 கார்பன் உள்ள லாரிக் அமிலம். 24 டிகிரிக்குக் கீழே போனால் உறைந்துவிடும்.

சரி, சிக்கு வாடைக்கு வருகிறேன். ஆக்சிஜன் சாவியின் எந்த இடத்தைப் பிடிக்கிறது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. இரண்டு வளைவுகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்ட ஒரு கார்பன் இருக்கிறதே, அதிலுள்ள ஹைட்ரஜன்தான் எண்ணெயிலேயே மிகவும் தளர்ந்த இடம். ஒலியிக்கில் ஒரே வளைவு என்பதால் அப்படி ஓர் இடம் இல்லை. லினோலியிக்கில் ஒன்று உண்டு. லினோலெனிக்கில் இரண்டு. இதனால் லினோலியிக், ஒலியிக்கைப் போலப் பத்து மடங்குக்கு மேல் வேகமாக ஆக்சிஜனிடம் சிக்குகிறது. லினோலெனிக் இருபது மடங்குக்கு மேல்.

அண்ணமிண்டியின் கடலை எண்ணெயில் லினோலியிக் ஏறக்குறைய 30 சதவீதம். நான் வாங்கவைத்த சூரியகாந்தியில் 60 சதவீதத்துக்குப் பக்கம். (ஒலியிக் மிகுந்த சூரியகாந்தி ரகமும் உலகத்தில் உண்டு. அதன் கதை வேறு. நான் வாங்கியது சாதாரண ரகம்.) அதோடு தேன்குழலின் அமைப்பையும் பாருங்கள். மெல்லிய இழை, உள்ளெல்லாம் துளை, எண்ணெய் படிந்த மேற்பரப்பு ஏராளம். அரைத் தூக்குத் தேன்குழல், மீதி அரைத் தூக்குக் காற்று. வெளியே காரைக்குடிப் பக்கத்து வைகாசி வெயில். பத்து டிகிரி ஏறினால் இந்த வினையின் வேகம் தோராயமாக இரண்டு மடங்கு. கெடுவதற்கு வேண்டிய எல்லாவற்றையும் நாங்களே செய்துகொடுத்திருந்தோம்.

பதினைந்தாம் நாள் ஒருமுறை திறந்து சாப்பிட்டோம், நன்றாகத்தான் இருந்தது. அடுத்த வாரமே இப்படி. இது ஏன் என்று பலரும் கேட்பார்கள். இது சங்கிலி வினை. ஆரம்பத்தில் எண்ணெயில் உள்ள வைட்டமின் ஈ போன்ற காவல்காரப் பொருட்கள், கிளம்பும் ஒவ்வொரு சங்கிலியையும் வெட்டிக்கொண்டே இருக்கும். அந்த நாட்களில் மூக்குக்கு ஒன்றும் தெரியாது. காவல் தீர்ந்த அன்றைக்கு ஒவ்வொரு மூலக்கூறும் பக்கத்து மூலக்கூறைக் கெடுக்க ஆரம்பிக்கும். முதலில் உண்டாகும் பெராக்சைடுகளுக்கு வாடை கிடையாது. அவை உடைந்து ஹெக்ஸனால் போன்ற ஆல்டிஹைடுகள் ஆகும்போதுதான் அந்த நெடி. மிக மிகக் குறைந்த அளவிலேயே நம் மூக்கு அதைக் கண்டுபிடித்துவிடும். அதனால்தான் கெடுதல் மெல்லமாக நடந்தாலும், வாடை திடீரென்று வந்ததுபோல இருக்கிறது.

காரைக்குடியில் வளர்ந்தவர்களுக்கு மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தின் வாசல் பழக்கமான இடம். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948-ல் நேரு அடிக்கல் நாட்டி, 1953-ல் திறக்கப்பட்ட நிலையம் அது. சின்ன வயதில் அந்த வாசலைத் தாண்டிப் போகும்போதெல்லாம் உள்ளே என்ன செய்கிறார்கள் என்று அப்பச்சியிடம் கேட்பேன். "இரும்பு துருப்பிடிக்காம இருக்க வழி தேடுறாங்கத்தா" என்பார்கள். நான் வேதியியல் எடுத்ததற்கு அந்தப் பதில் ஒரு காரணம். இரும்பில் துருவாகவும் தேன்குழலில் சிக்காகவும் வேலை செய்வது ஒரே ஆக்சிஜன்தான் என்பது இந்த வயதில் என் வீட்டு உக்கிராண அறையில்தான் எனக்கு உறைத்தது.

அந்தக் கல்யாணத்துக்கு அடுத்த மாதம், என்னிடம் படித்துவிட்டு இப்போது கல்லூரி ஆய்வகத்தில் வேலை பார்க்கும் ஒரு பெண்ணிடம் போய் நின்றேன். "டீச்சர், என்ன செய்யணும்?" என்றாள். "அயோடின் எண் பார்க்கணும்" என்றேன். ஒரு சனிக்கிழமை முழுக்க இருவரும் உட்கார்ந்து பார்த்தோம்.

அயோடின் எண் என்பது நூறு கிராம் எண்ணெய் எத்தனை கிராம் அயோடினை உள்ளே வாங்கிக்கொள்ளும் என்ற கணக்கு. அயோடின் போய் உட்காரும் இடம் அந்த வளைவுகள் மட்டும்தான் என்பதால், எண் பெரிதானால் வளைவுகள் அதிகம் என்று பொருள். நிறுத்த எண்ணெயைக் கரைப்பானில் கரைத்து, அயோடின் மோனோகுளோரைடு கரைசலை அளந்து விட்டு, மூடி, அரைமணி நேரம் இருட்டில் வைக்க வேண்டும். அப்புறம் பொட்டாசியம் அயோடைடு சேர்த்தால், எண்ணெய் வாங்கிக்கொண்டது போக மீந்தது அயோடினாகச் செம்பழுப்பு நிறத்தில் வெளியே வரும். அதை பியூரெட் என்ற அளவுக் குழாயிலிருந்து தயோசல்பேட் கரைசலை விட்டு அளக்கிறோம். நிறம் வைக்கோல் மஞ்சளுக்கு வந்ததும் ஸ்டார்ச் இரண்டு சொட்டு. குடுவை முழுதும் கருநீலம். பிறகு சொட்டுச் சொட்டாக விட, ஒரு சொட்டில் நீலம் அப்படியே மறையும். எத்தனை நூறு பிள்ளைகளுக்கு இதைச் செய்துகாட்டியிருப்பேன்! அந்த நீலம் மறைகிற நொடி இன்னும் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருக்கிறது.

எங்களுக்குக் கிடைத்தது: தேங்காய் எண்ணெய் 9. கடலை எண்ணெய் 94. நல்லெண்ணெய் 111. சூரியகாந்தி 130. ஹார்டுவேர் கடையில் வாங்கிய ஆளிவிதை எண்ணெய் 181. புத்தகங்கள் சொல்லும் எல்லைக்குள்தான் எல்லாம். என் தேன்குழல் கெட்ட காரணம் 94-க்கும் 130-க்கும் நடுவில் இருந்தது.

ஆனால் இந்த வரிசையில் நல்லெண்ணெய் எங்கே இருக்கிறது, கவனித்தீர்களா? கடலை எண்ணெயைவிட அதிகம். லினோலியிக் 40 சதவீதத்துக்கு மேல். வளைவுகளை மட்டும் எண்ணினால் கடலை எண்ணெய்க்கு முன்பாகவே அது சிக்கடிக்க வேண்டும். ஆனால் ஆயாவின் பீங்கான் ஜாடியில் மாங்காய் ஊறுகாய்க்கு மேல் விரற்கடை உயரம் நின்ற நல்லெண்ணெய் வருஷம் தாண்டியும் சிக்கடித்ததில்லை.

எள்ளின் தனிச் சிறப்பு இங்கேதான். நல்லெண்ணெயில் சாவிக்கொத்துகளோடு செசமின், செசமோலின் என்ற பொருட்களும் கொஞ்சம் இருக்கின்றன. இவை வேறு எந்தச் சமையல் எண்ணெயிலும் இந்த அளவுக்கு இல்லை. சூடேறும்போது செசமோலின் உடைந்து செசமால் ஆகிறது. செசமால் மிக நல்ல காவல்காரன். கிளம்பும் சங்கிலியை அங்கேயே வெட்டிவிடும். அதாவது மற்ற எண்ணெய்கள் சட்டியில் காயும்போது தங்கள் காவலை இழக்க, நல்லெண்ணெய் காயக் காயக் கொஞ்சம் காவலைப் புதிதாக உண்டாக்கிக்கொள்கிறது. இதைப் படித்த அன்றைக்கு எழுந்துபோய் உக்கிராண அறையில் நல்லெண்ணெய் ஜாடியைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தேன்.

இதே பொருட்களால்தான் நல்லெண்ணெயைச் சோதனைக் குழாயில் அடையாளம் காண முடிகிறது. அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் கொஞ்சம் ஃபர்ஃபுராலும் சேர்த்துக் குலுக்கினால் சிவந்துவிடும். பௌடுவின் சோதனை என்று பெயர். வனஸ்பதியில் குறைந்தது 5 சதவீதம் நல்லெண்ணெய் சேர்க்க வேண்டும் என்று நம் நாட்டில் சட்டமே போட்டார்கள். யாராவது நெய்யில் வனஸ்பதியைக் கலந்தால் இந்தச் சிவப்பு காட்டிக்கொடுத்துவிடும் என்பதற்காக. எவ்வளவு எளிமையான யோசனை! வகுப்பில் இதைச் சொல்லும்போதெல்லாம் கடைசி பெஞ்சுப் பிள்ளைகளும் நிமிர்ந்து உட்காருவார்கள்.

கடலை எண்ணெய்க்கும் அப்படி ஓர் அடையாளம் உண்டு. 20, 22, 24 கார்பன் உள்ள மிக நீளமான நேர்ச் சாவிகள் அதில் நூற்றுக்கு ஐந்தாறு இருக்கின்றன. 20 கார்பன் உள்ளதற்கு அராகிடிக் அமிலம் என்று பெயர் வந்ததே நிலக்கடலையின் தாவரப் பெயரான அராகிஸ் என்பதிலிருந்துதான். சோப்பாக்கி, அமிலமும் ஆல்கஹாலும் சேர்த்து ஆறவிட்டால், 39-லிருந்து 41 டிகிரிக்குள் கலங்க ஆரம்பிக்கும். நல்லெண்ணெய் 22 டிகிரிவரைகூடத் தெளிவாகவே நிற்கும். கலப்படம் பார்ப்பவர்களுக்கு இது பெரிய உதவி.

புதுவயல் போகும் சாலையில் நான் எண்ணெய் வாங்கும் மரச்செக்கு ஒன்று இருக்கிறது. வாகை மரச் செக்கு, மாட்டுக்குப் பதில் மோட்டார். நடத்தும் தம்பிக்கு நாற்பது வயது இருக்கும். எள் ஆட்டும்போது கருப்பட்டியைத் தட்டிப் போடுவார்.

"கருப்பட்டி எதுக்குத் தம்பி?" என்று கேட்டேன்.

"அதுதான் ஆச்சி எண்ணெய்க்கு இனிப்பு."

"இனிப்பு எண்ணெய்க்குள்ள போகாது தம்பி. சர்க்கரை தண்ணியிலதான் கரையும். எண்ணெயில கரையாது."

"அப்ப எங்க போகுது?"

"பிண்ணாக்கைக் கொஞ்சம் வாயில போட்டுப் பாருங்க."

போட்டுப் பார்த்தார். இனித்தது. கொஞ்ச நேரம் பேசவில்லை. "அப்ப எங்க ஐயா எதுக்குப் போட்டாங்க?" என்று கேட்டார். அவருக்கு நான் சொன்னது இதுதான்: எள்ளுமாவில் எண்ணெய் நுண்ணிய துளிகளாகச் சிக்கிக் கிடக்கிறது. கருப்பட்டியும் அதோடு தெளிக்கிற தண்ணீரும் மாவை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். தண்ணீர் மாவின் பக்கம் ஒட்டிக்கொள்ள, எண்ணெய்த் துளிகள் விலகி ஒன்றோடொன்று சேர்ந்து வெளியே வரும். உங்கள் ஐயா போட்டது சரி, காரணம்தான் வேறு. அதிலிருந்து நான் போனால் டீ வாங்கிக்கொடுக்காமல் விடுவதில்லை.

ஆட்டிய எண்ணெயை அவர் இரண்டு நாள் வெயிலில் வைத்துத் தெளியவைப்பார். அதில் தப்பில்லை. மிஞ்சிய ஈரமும் மண்டியும் அடியில் இறங்க வேண்டும். ஈரம் நின்றால் சாவிகள் வளையத்திலிருந்து கழன்று தனி அமிலமாகிவிடும். தனி அமிலம் கூடினால் எண்ணெய் சீக்கிரம் புகையும். ஆனால் தெளிந்த எண்ணெயைக் கண்ணாடி பாட்டிலில் ஊற்றிக் கடை வாசலில் வெயில் படும்படி அடுக்கி வைத்திருந்தார். அதை மட்டும் உள்ளே எடுத்து வைக்கச் சொன்னேன். வெளிச்சம் பட்டால் காவல் சீக்கிரம் தீரும்.

அவர் கடையில் ஒரு சீட்டும் ஒட்டியிருந்தது, 'கொலஸ்ட்ரால் இல்லாத எண்ணெய்' என்று. எந்த விதை எண்ணெயிலும் கொலஸ்ட்ரால் சொல்லும்படியாக இருக்காது. அது விலங்குக் கொழுப்பில் இருப்பது. செக்கு எண்ணெய் என்றாலும் ரீஃபைண்டு என்றாலும் கிராமுக்கு 9 கலோரி. செக்கு எண்ணெயில் மணமும் இயற்கையான காவல் பொருட்களும் கூடுதலாகத் தங்கும், புகையும் சூடு கொஞ்சம் குறையும். ரீஃபைண்டில் மணம் போகும், அதிகச் சூடு தாங்கும். இதைத் தவிரச் சொல்லப்படுகிற அற்புதங்களை நான் நம்புவதில்லை. அதைவிட முக்கியம், பூசணம் பிடித்த கடலைப் பருப்பை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எறிகிறாரா என்பது. அந்தப் பூசணம் அஃப்லாடாக்சின் என்ற விஷத்தை உண்டாக்கும், கல்லீரலுக்கு மிகக் கெடுதல். செக்கு எண்ணெயில் அதைத் தடுக்க முதல் வழி இந்தப் பொறுக்கல்தான். அந்தத் தம்பி பொறுக்குகிறார். அதனால்தான் அவரிடம் வாங்குகிறேன்.

இப்போது கதவு. முகப்பைத் தாண்டினால் எங்கள் வீட்டு நிலைக்கதவு, பர்மாத் தேக்கு. கொள்ளுத்தாத்தா ரங்கூனிலிருந்து கப்பலில் வரவழைத்தது என்பார்கள். கல்யாணத்துக்கு முன் பளபளப்பாக இருக்கட்டும் என்று, வீட்டைப் பார்த்துக்கொள்ளும் அம்மா பலகாரம் சுட்டு மீந்த எண்ணெயைத் துணியில் தொட்டுக் கதவு முழுக்கத் தேய்த்துவிட்டார்கள். நல்ல மனசோடு செய்ததுதான். அன்றைக்கு மின்னியது. இரண்டு மாதத்தில் விரலை வைத்தால் ஒட்டிக்கொண்டது. செதுக்கு வேலைப்பாட்டின் பள்ளமெல்லாம் தூசி பிடித்துக் கறுத்துவிட்டது.

தேன்குழலைக் கெடுத்த அதே வினைதான் இங்கேயும். ஆனால் கதவுக்கு அந்த வினை வேண்டும், முழுதாக நடக்க வேண்டும். ஆளிவிதை எண்ணெயில் பாதிக்கு மேல் லினோலெனிக், சாவிக்கு மூன்று வளைவு. மெல்லியதாகப் பூசினால் ஆக்சிஜன் பக்கத்துப் பக்கத்துச் சாவிகளை ஒன்றோடொன்று பிணைத்து, சில நாளில் கெட்டியான படலமாக்கிவிடும். இதற்குத்தான் உலர் எண்ணெய் என்று பெயர். ஓவியர்கள் வண்ணத்தைக் குழைத்ததும் பழைய பெயிண்டுகளில் இருந்ததும் இதுதான். அந்தத் தூக்கைத் திறந்தபோது பெயிண்ட் டப்பா ஞாபகம் வந்ததில் ஆச்சரியம் இல்லை. அயோடின் எண் 130-க்கு மேல் போனால் உலரும், 100-க்குக் கீழே உலராது, நடுவில் இருப்பது அரைகுறையாக உலர்ந்து பிசுபிசுக்கும். சூரியகாந்தி அந்த நடுவின் மேல்விளிம்பில் இருக்கிறது. வாசலுக்கு வந்தது அந்தப் பிசுபிசுப்புதான்.

ஆசாரியை வைத்து டர்பெண்டைனால் துடைத்தெடுக்கவே நான்கு நாள் ஆனது. அப்புறம் லின்சீட் ஆயில் என்று கடையில் சொல்லும் அந்த ஆளிவிதை எண்ணெய் மூன்று பூச்சு. ஒவ்வொரு பூச்சையும் அரைமணி ஊறவிட்டு, மேலே நிற்பதைத் துடைத்து எடுத்து, இரண்டு மூன்று நாள் காயவிட வேண்டும். இதில் ஒன்றை அவசியம் சொல்லிவிடுகிறேன். லின்சீட் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். ஆக்சிஜனோடு சேரும்போது வெளிவரும் சூடு, சுருட்டிய துணிக்குள் வெளியேற வழியில்லாமல் ஏறிக்கொண்டே போய், நெருப்பு வைக்காமலே தீப்பிடிக்கும். விரித்துக் கொடியில் போட வேண்டும், இல்லாவிட்டால் தண்ணீரில் நனைத்து வைக்க வேண்டும். தேக்கும் மரமுமாக இருக்கிற நம் ஊர் வீடுகளில் இதைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது.

ஆயாவின் உக்கிராண அறையில் இன்னும் சில ஜாடிகள் இருந்தன. விளக்கெண்ணெய் ஜாடிக்கு மட்டும் தனிக் கரண்டி, வேறு எதிலும் போடக்கூடாது. ஆமணக்கின் சாவி உலகத்தில் வேறு எந்தச் சமையல் விதையிலும் இல்லாதது. ரிசினோலியிக் அமிலம், 85 சதவீதத்துக்கு மேல். 12-வது கார்பனில் ஒரு ஹைட்ராக்சில் தொங்குகிறது. அந்தக் கொக்கியால் சாவிக்கொத்துகள் ஒன்றையொன்று பிடித்து இழுத்துக்கொள்வதால்தான் அந்தக் குழகுழப்பு. மற்ற எண்ணெய்களைப்போல் இல்லாமல் ஆல்கஹாலில் கரைவதும் அதனால்தான். கொட்டையில் ரிசின் என்ற கொடிய விஷம் இருந்தும், அது புரதம் என்பதால் எண்ணெயில் கரையாமல் பிண்ணாக்கிலேயே நின்றுவிடுகிறது. ஆமணக்குப் பிண்ணாக்கை மாட்டுக்கு வைக்கக் கூடாது, வயலுக்கு உரமாகப் போடலாம் என்று ஆயா சொன்னதை இங்கே வைத்துப் பார்க்கலாம்.

இலுப்பெண்ணெய் இப்போது கிடைப்பது அரிது. பாதிக்குக் கொஞ்சம் குறைவாக நேர்ச் சாவிகள். குளிர்ந்தால் வெண்ணெய்போல் இறுகும். கோயில் விளக்குக்கு அதைத்தான் ஊற்றினார்கள் என்று ஆயா சொல்வார்கள். இலுப்பை மரங்கள் போனதோடு அதுவும் போயிற்று. எனக்கு அதில் வருத்தம் உண்டு.

தேங்காய் பற்றி ஒன்று. மனகோலம் என்ற பலகாரத்தில் போடும் தேங்காய்ச் சில்லு சரியாக வறுபடாவிட்டால் சில நாளில் சோப்பு வாடை வரும். அது சிக்கு இல்லை. ஈரத்தில் வளரும் பூசணத்தின் நொதி லாரிக் சாவியை வளையத்திலிருந்து கழற்றிவிடுவதால் வருவது. சோப்பு செய்பவர்கள் காரம் சேர்த்துக் கழற்றும் அதே சாவிதான். சில்லைப் பொன்னிறமாக ஈரம் போக வறுத்தால் வராது.

போன சித்திரையில் வீட்டிலேயே ஒரு சோதனை வைத்தேன். ஒரே மாவு, ஒரே அச்சு, ஒரே இருப்புச் சட்டி, ஒவ்வொரு முறையும் நன்றாகத் தேய்த்துக் கழுவி. நாலு எண்ணெயில் ஒவ்வொரு கிலோ தேன்குழல், நாலு தூக்கு. அடியில் எண் மட்டும் எழுதினேன். எது எந்த எண்ணெய் என்று எனக்கு மட்டும் தெரியும். தினமும் சாயங்காலம் அண்ணமிண்டி நாலையும் திறந்து முகர்ந்து பார்த்துச் சொல்ல வேண்டும். அவர்களுடைய மூக்கை நான் எந்தக் கருவிக்கும் கீழே வைக்கமாட்டேன்.

பத்தொன்பதாம் நாள் நாலாம் நம்பரைத் திறந்து முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். சூரியகாந்தி. முப்பத்தேழாம் நாள் இரண்டாம் நம்பரில், "லேசா வருது, சாப்பிட்டா தெரியாது" என்றார்கள். கடலை எண்ணெய். தேங்காய் எண்ணெயும் நல்லெண்ணெயும் ஐம்பதாம் நாளிலும் சிக்கடிக்கவில்லை. நல்லெண்ணெயில் சுட்டதற்கு அதன் மணமே தூக்கலாக இருந்தது, தேன்குழலுக்கு அது சேரவில்லை. தேங்காய் எண்ணெயில் சுட்டது குளிர்ந்த நேரத்தில் வாயில் மெழுகுபோல ஒட்டியது. "எத்தன நாள் நிக்குதுங்கிறது ஒரு பக்கம் இருக்கட்டும். பிள்ளைங்க கை போனது ரெண்டாம் நம்பருக்குத்தானே?" என்று அண்ணமிண்டி கேட்டார்கள். உண்மைதான். இரண்டாம் தூக்கில் கடைசியில் முகர்ந்து பார்க்க நாலு தேன்குழல்தான் மிஞ்சியிருந்தது.

வரும் தை மாதம் அண்ணனின் இரண்டாவது மகளுக்குக் கல்யாணம். செக்குக்காரத் தம்பியிடம் இப்போதே சொல்லிவைத்தாயிற்று: பலகாரம் போடுவதற்கு ஒரு வாரம் முன்புதான் ஆட்டித் தர வேண்டும், இரண்டு டின்னும் புது எண்ணெய், ஏற்கெனவே பொரித்த எண்ணெயை அதில் சேர்ப்பதில்லை. சின்னச் சின்னத் தூக்குகளாக வாங்கி, காற்றுக்கு இடமில்லாமல் விளிம்புவரை அடுக்கப்போகிறோம். ஜன்னல் பக்கம் வைக்காமல், வளவின் உள்புறம் வெயில் எட்டாத அறையில். தையில் வெயிலும் அவ்வளவு இருக்காது. சம்பந்தபுரத்துக்குப் போகும் ஒவ்வொரு தூக்கின் மூடியிலும் சுட்ட தேதியையும், எத்தனை நாளுக்குள் சாப்பிட வேண்டும் என்பதையும் எழுதி ஒட்டும் வேலையை அண்ணமிண்டி என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். முப்பது நாள் என்று எழுதலாமா, முப்பத்தைந்து என்று எழுதலாமா என்று பேசிக்கொண்டிருக்கிறோம். நான் முப்பது என்கிறேன்.